ஜப்பான் பெட்டி

சென்ற தை மாதத்தில் நம் இல்லத்திற்கு வெள்ளையடிக்க நேர்ந்தது. பம்பாய் நகரில் இரண்டறை வீட்டில் வாழ்வோர்க்குப் பரண் என்பது எத்தகைய அரும்பொருட் காட்சிசாலை என்பதை நம் சங்கத்து அன்பர்கள் நன்கு அறிவார்கள். (1995ஆம் ஆண்டிலேயே இந்நகரின் பெயர் மும்பை என்று மாறிவிட்டது. நம் நாவுக்கு அது இன்னும் பழகவில்லை, பொறுத்தருள்க.) ஓட்டை விழுந்த வெந்நீர்த் தவலை, கால் ஒடிந்த அரிவாள்மணை, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் ஆகிய இவற்றுக்கெல்லாம் பின்னால், பழைய வேட்டி ஒன்றில் சுற்றி வைத்திருந்த ஒரு பெட்டியை வெள்ளையடிக்க வந்த பையன் கீழே இறக்கினான். "இதையும் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடலாமா?" என்று இந்தியில் கேட்டான். "தொடாதே!" என்று நாம் போட்ட கூச்சலில் அவன் ஏணியிலிருந்து விழாமல் பிழைத்தது அவனைப் பெற்றவர்கள் செய்த புண்ணியம்.

அது ஒரு டேப் ரிக்கார்டர். நீளம் ஒரு முழம்கூட இராது. கறுப்பு நிறம், வெள்ளிபோல் மின்னும் பொத்தான்கள், மூலையில் ஒரு சிறு துளைக்குள் ஒலிவாங்கி. பின்புறம் திருப்பினால் ஒரு தகடு. இப்பெட்டி ஜப்பான் நாட்டில் செய்யப்பட்டது என்று அதில் ஆங்கில எழுத்துக்கள் அறிவிக்கும்.

சரக்குக் கப்பலில் வேலை பார்த்த நம் மாமா 1977ஆம் ஆண்டில் கோபே துறைமுகத்தில் அதை வாங்கினார். ஒன்றல்ல, ஒரே மாதிரியாக இரண்டு வாங்கினார். சுங்கத் தீர்வையும் கட்டி, ஒன்றைப் பம்பாயில் நம்மிடம் கொடுத்துவிட்டு, மற்றொன்றைக் கும்பகோணத்துக்கு அருகில் கிராமத்தில் இருந்த தம் தமக்கையாரிடம், அதாவது நம் அன்னையாரிடம், கொண்டுபோய்க் கொடுத்தார். பெட்டி வந்த அன்று மாலை நம் குடியிருப்பில் இருந்த ஒன்பது குடும்பத்தாரும் கூடிவிட்டனர். அவர்கள் முதலில் பாட்டைக் கேட்கவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். பெட்டியைத் திருப்பிப் பின்புறத் தகட்டைப் பார்த்தார்கள். பார்த்து, "அசல்தான்" என்று ஒருவருக்கொருவர் தலையசைத்துக் கொண்ட பின்னரே பாட்டு வைக்கும்படி சொன்னார்கள்.

மாமா இரண்டு வாங்கியதன் காரணம் இதுதான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் எழுத வேண்டுமானால் தபால்கார ஐயாவையோ, பள்ளிக்கூடத்துப் பையனையோ தேடவேண்டும். பிறரை வைத்துக்கொண்டு மனத்திலுள்ளதைச் சொல்ல எவருக்குத்தான் வாய் வரும்? டிரங்க் கால் என்பதோ சாவுச் செய்திக்கு மட்டும் உரியது என்று கருதப்பட்ட காலம். ஆகவே அம்மா பெட்டியைத் திண்ணையில் வைத்துக்கொண்டு பேசுவார்கள். அந்தக் காஸெட் தாதர் வண்டியில் வருகின்ற யாராவது ஒருவர் கையில் நமக்கு வந்து சேரும். அதிலேயே நம் பதிலைப் பேசித் திரும்ப அனுப்புவோம். இப்படியே ஒன்பது ஆண்டுகள். 1986இல் அம்மா காலமானார்கள்.

இனி ஒரு வெட்கக்கேட்டையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம். அம்மாவின் குரல் பதிந்த காஸெட்டுகளின் மேலேயே நாம் வானொலியிலிருந்து சினிமாப் பாட்டுக்களைப் பதிந்தோம். ஒரு காஸெட்டின் விலை அப்போது நமக்குப் பெரிதாக இருந்தது என்பது சமாதானம். அம்மாதான் அடுத்த மாதமும் பேசுவார்களே என்பது உண்மையான காரணம். மிஞ்சியது ஒன்றே ஒன்று. காஸெட்டின் பின்விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவற்றை ஒடித்துவிட்டால் பெட்டியின் பதிவுப் பொத்தான் கீழிறங்காது. ஒரு முறை கிராமத்துக்குப் போயிருந்த மாமா, ஏன் தோன்றிற்றோ, ஒரு காஸெட்டின் நாக்குகளை ஒடித்துக் கொடுத்தனுப்பினார். அது மட்டும் நம் கைக்குத் தப்பிப் பிழைத்தது.

வெள்ளையடிப்பு முடிந்த அன்று நான்கு பாட்டரிகள் வாங்கிப் போட்டுப் பெட்டியை இயக்கினோம். பத்து வயதுப் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தன் கொள்ளுப்பாட்டியின் குரலை அவள் கேட்டதே இல்லை. பெட்டி முனகிற்று. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து ஓர் ஆண்பிள்ளை பேசுவதுபோல் கனத்துத் தடித்த ஒரு குரல் இழுத்து இழுத்து எழுந்தது. இரண்டு வாக்கியம் முடியுமுன் அதுவும் நின்றது. "கொள்ளுப்பாட்டி இப்படித்தான் பேசுவாங்களா, தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். இல்லை என்று சொன்னோம். "பிறகு எப்படிப் பேசுவாங்க?" என்றாள். அதற்கு நம்மிடம் விடை இல்லை. குரலை எவ்வாறு வாயால் சொல்லிக் காட்டுவது?

புதிதாக ஒன்று வாங்கிக் காஸெட்டை அதில் போட்டுக் கேட்கலாமே என்றான் நம் மகன். நியாயமான யோசனைதான். ஆனால் முன்பு ஒரு முறை அப்படி வாங்கிய பெட்டியின் கதை நம் நினைவில் இருந்தது. ஒரு கடைத்தெருவில் "டூ இன் ஒன்" ஒன்றைப் பேரம் பேசி வாங்கி வந்தோம். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தபோதுதான், புகழ்பெற்ற ஜப்பானியப் பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தது தெரிந்தது. அந்தப் பெட்டி நாடாவைப் பாடவில்லை, தின்றது. இருக்கின்ற ஒரே காஸெட்டை இன்னொரு புதுப்பெட்டியின் வாயில் போட நமக்குத் துணிவில்லை.

ஓர் எழுத்தை மாற்றியாவது திருடத்தக்க மதிப்பு ஒரு பெயருக்கு எங்கிருந்து வந்தது? பழுது பார்க்கும் கடைக்குப் போகுமுன் இதைப் பற்றிச் சற்றே பேச அன்பர்கள் இடம் தரவேண்டும்.

நம் தந்தையார் காலத்தில் நிலைமை முற்றிலும் வேறு. நாலு நாள் தாங்காத எந்தப் பொருளையும் அவர் "ஜப்பான் சாமான்" என்றே சொல்வார். 1930களில் அவர் சிறுவராய் இருந்தபோது நம் நாட்டுக் கடைகளில் ஜப்பானியத் தகரப் பொம்மைகளும், செல்லுலாய்ட் பொம்மைகளும், மலிவுத் துணியும் குவிந்து கிடந்தன. அத்துணியின் மலிவைத் தாங்கமாட்டாமல், பிரிட்டன் அல்லாத நாடுகளின் பருத்தித் துணிக்கு 1933இல் இந்திய அரசாங்கம் 75 சதவீதத் தீர்வை விதித்தது. ஜப்பானிய ஆலைக்காரர்கள் நம் பஞ்சை வாங்க மறுத்துப் பதிலடி கொடுத்தனர். மலிவு, மட்டம் என்னும் இவ்விரண்டு சொற்களும் அந்நாட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரே தலைமுறையில் "ஜப்பான் சாமான்" என்னும் வசைச்சொல் வாழ்த்துச்சொல்லாக மாறிவிட்டது. தந்தையார் 1977இல் மாமாவின் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒன்றும் பேசாமல் திரும்பக் கொடுத்தது நமக்கு நினைவிருக்கிறது.

யுத்தத்தில் எரிந்துபோன டோக்கியோவில் 1946ஆம் ஆண்டு மே மாதம் மஸாரு இபூகா, அகியோ மொரீதா என்னும் இருவர் ஒரு சிறு கம்பெனியைத் தொடங்கினர். அதுவே 1958இல் சோனி என்று பெயர் மாறியது. அவர்கள் முதன்முதலில் செய்ய முயன்றது என்னவென்று நினைக்கிறீர்கள்? மின்சாரத்தில் சோறு வடிக்கும் மரத்தொட்டி! சோறு ஒரு நாள் குழையும், மறுநாள் வேகாது, அதைக் கைவிட்டார்கள். பிறகு ஒலிப்பதிவுப் பெட்டியில் இறங்கினார்கள். பிளாஸ்டிக் நாடா கிடைக்காத காலம். ஆகவே காகிதத்தைக் கீற்றுக் கீற்றாய் வெட்டி, காந்தத் துகளை வாணலியில் வறுத்து, தூரிகையால் அதன்மேல் பூசிக் காயவைத்தார்கள். நம் பெண்கள் வற்றல் போடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பிறந்த பெட்டி 1950இல் விற்பனைக்கு வந்தது. பளுவோ ஏறக்குறைய 35 கிலோ. வாங்க ஆளில்லை. சுருக்கெழுத்தாளர் பஞ்சத்தில் தவித்த நீதிமன்றங்கள்தாம் முதலில் கைகொடுத்தன.

மொரீதா 1953இல் ஐரோப்பாவுக்குப் போனார். ஜெர்மனியில் டுஸ்ஸல்டார்ப் நகரின் உணவு விடுதி ஒன்றில் ஐஸ்கிரீம் வரவழைத்தார். அதன் உச்சியில் காகிதத்தால் செய்த சின்னஞ்சிறு குடை ஒன்று செருகியிருந்தது. பரிமாறியவன் அன்போடு, இது உங்கள் நாட்டுச் சரக்கு என்று சொன்னானாம். அவன் இகழவில்லை, உபசாரமாகவே சொன்னான். அதுதான் குத்தியது. ஜப்பானைப் பற்றி உலகம் அறிந்தது ஒரு காகிதக் குடை மட்டும்! மொரீதா 1986இல் வெளியிட்ட தம் வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: தொடக்கத்தில் தம் பெட்டிகளில் "ஜப்பானில் செய்யப்பட்டது" என்பதைச் சட்டம் இடம் கொடுக்கும் அளவுக்கு மிகப் பொடி எழுத்தில் அச்சிட்டார்களாம். ஒரு முறை அது அளவுக்கு மீறிப் பொடியாகிவிட, அமெரிக்கச் சுங்க அதிகாரிகள் ஏற்க மறுத்துப் பெரிதாக்கச் சொன்னார்களாம். நம் குடியிருப்பில் ஒன்பது குடும்பத்தார் தேடிப் பார்த்து மகிழ்ந்த அந்த எழுத்துக்கள், வெட்கத்தால் ஒளிந்து கிடந்த காலமும் உண்டு என்பது மாமாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இதே மொரீதா 1955இல் டிரான்ஸிஸ்டர் வானொலியைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கா சென்றபோது, பேர்பெற்ற கடிகாரக் கம்பெனி ஒன்று ஒரு லட்சம் பெட்டிகள் வாங்க முன்வந்தது. ஒரே நிபந்தனை, தங்கள் பெயரைப் போட்டுக் கொடுக்கவேண்டும். டோக்கியோவிலிருந்து கூட்டாளிகள் ஒப்புக்கொள்ளும்படி சொல்லியும் அவர் மறுத்துவிட்டார். நாமாக இருந்தால் மறுத்திருப்போமா என்று நினைத்துப் பார்த்தோம், மறுத்திருக்க மாட்டோம்.

வெட்கம் ஒரு மூலதனம் ஆகக்கூடும் என்பதற்கு இன்னுமோர் உதாரணம் ஒஸாகா நகரத்து கோனொஸுகே மட்ஸுஷிதா. பின்னாளில் நாஷனல், பானசோனிக் என்று நம் வீடுகளில் புழங்கிய பெயர்களுக்கு உடையவர். 1930 வாக்கில் அவர் வேறொரு தயாரிப்பாளருடன் சேர்ந்து வானொலிப் பெட்டி விற்கத் தொடங்கினார். விற்ற பெட்டிகள் பழுதாகிக் கடைக்காரர்களிடமிருந்து மலைபோல் திரும்பி வந்தன. அவர் கடையை மூடவில்லை. பழுதாகாத பெட்டி ஒன்றை நாமே செய்வோம் என்று தம் ஆட்களை ஏவினார். அவர்கள் செய்த பெட்டி 1931இல் ஜப்பானிய வானொலி நிலையத்தார் நடத்திய போட்டியில் முதற்பரிசு பெற்றது. மறு ஆண்டே, வானொலித் தொழிலுக்குத் தடையாக இருந்த காப்புரிமையைத் தாமே விலைக்கு வாங்கி, எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்திக் கொள்ளும்படி விட்டுவிட்டார்.

இவற்றைப் படிப்பவர்கள், ஜப்பானியர்தாம் இக்கருவிகளையெல்லாம் கண்டுபிடித்தார்கள் போலும் என்று எண்ணிவிடக் கூடாது. டிரான்ஸிஸ்டர் 1947இல் அமெரிக்காவில் பிறந்தது. நம் காஸெட் ஹாலந்து தேசத்துப் பிலிப்ஸ் கம்பெனியால் 1963இல் வெளிவந்தது. மாமா ஒடித்த அந்த நாக்குகளும் அவர்கள் யோசனையே. தரத்தைக் கணக்குப் போட்டுக் காக்கும் வித்தையைக்கூட 1950இல் டெமிங் என்னும் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் வந்து போதித்தார். மறு ஆண்டு முதல் அவர் பெயரால் ஜப்பானியர் பரிசளித்து வருகின்றனர். அமெரிக்காவில் பெரும்பாலோர் அவரை அறிந்ததோ 1980இல் ஒரு தொலைக்காட்சிப் படம் வந்த பிறகு!

அவர் சொன்னதை நம் அனுபவத்தில் வைத்துச் சொல்கிறோம். மாதுங்காவில் ஓர் ஓட்டலில் காபி ஒரு நாள் தேவாமிர்தம், மறுநாள் கழுநீர். இன்னோர் ஓட்டலில் அவ்வளவு அமிர்தம் இல்லை. ஆனால் திங்களும் வெள்ளியும், காலையும் மாலையும் ஒரே காபி. நாம் எங்கே போகிறோம்? இரண்டாவதற்குத்தான். ஆயிரம் பெட்டி செய்தால் ஆயிரமாவது பெட்டியும் முதற்பெட்டியைப் போலவே இருக்கவேண்டும்; வேறுபாடு தோன்றினால், கடைசியில் பெட்டியைக் கழித்துப் போடுவதோடு நில்லாமல் எந்த மேசையில் அது தோன்றியதென்று பின்னோக்கிப் போய்த் தேடவேண்டும். டெமிங் போதித்ததன் சாரம் இவ்வளவே. கேட்க எளிது. செய்வதற்குத்தான் ஒரு நாடு முழுவதும் பிடிவாதம் வேண்டியிருந்தது. ஏற்றுமதிப் பண்டங்களைக் கப்பலேறுமுன் சோதிக்க 1957இல் சட்டமே இயற்றினார்கள். அக்காலத்து ஜப்பானிய காமிராக்களில், தேறியது என்று ஆங்கிலத்தில் பொறித்த பொன்னிற முட்டைவடிவச் சீட்டைப் பார்த்த நினைவு அன்பர்கள் சிலருக்கு இருக்கலாம். குற்றம் தேடும் இந்த வெறியால் ஒரு நோபல் பரிசே கிடைத்தது. சோனியில் பணியாற்றிய லியோ எஸாகி, 1957இல் பழுதாகும் டிரான்ஸிஸ்டர்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோதுதான் மின்னணுக்கள் தடுப்பை ஊடுருவிச் செல்லும் விந்தையைக் கண்டார். 1973இல் பௌதிகப் பரிசு அவரைத் தேடி வந்தது. பழுதைக் கழித்துப் போட்டிருந்தால் பரிசு ஏது?

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஊரறிந்தது. 1979இல் வாக்மன், 1982இல் பிலிப்ஸுடன் கூடிச் செய்த ஒலித்தட்டு, இசைத்தட்டு சுழற்றுவோர் இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடும் டெக்னிக்ஸ் சுழல்மேடை. இந்தச் சுழல்மேடையை 2010இல் நிறுத்தியவர்கள், பழைய அன்பர்கள் விடாமல் கேட்கவே 2016இல் மறுபடியும் செய்யத் தொடங்கினர் என்பதை மட்டும் சொல்லி மேலே போகிறோம்.

புகழ் நின்றது, வீடுகள் நிற்கவில்லை. சான்யோ பானசோனிக்குக்குள் கரைந்தது. சான்ஸுய் 2014இலும் ஆன்கியோ 2022இலும் திவாலாயின. ஷார்ப்பின் பெரும்பங்கை 2016இல் தைவான் கம்பெனி ஒன்று வாங்கியது. அகாய், சான்ஸுய் என்னும் பெயர்களை உரிமை பெற்று நம் நாட்டுக் கம்பெனிகளே தம் தொலைக்காட்சிப் பெட்டிகளில் பொறித்து விற்றதும் உண்டு. பெயர் ஓரிடத்திலும் தொழிற்சாலை வேறிடத்திலும் இருப்பது இன்று சகஜம். அதைக் குற்றமென்று நாம் சொல்லவரவில்லை. சோதிக்கும் கண் கூடவே போனால் மலேயாவில் செய்தாலும் மானாமதுரையில் செய்தாலும் பெட்டி பெட்டிதான். இன்னொரு வேடிக்கை: பொடி எழுத்தில் ஒளிந்து, பிறகு பெரிய எழுத்தில் ஜொலித்த ஜப்பான், இப்போது எழுத்தே இல்லாமல் உள்ளே போய்விட்டது. வாசகர் கையிலுள்ள கைப்பேசியின் காமிராவுக்குள்ளே ஒளியை உணரும் சில்லு சோனி செய்ததாக இருக்கக்கூடும். அதைத் திருப்பிப் பார்த்துத் தலையசைக்க எந்தத் தகடும் இல்லை.

நிற்க. பெட்டியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு லாமிங்டன் சாலைக்குப் போனோம். பம்பாயில் வானொலி, மின்னணுச் சாமான்கள் எதுவாயினும் அந்தத் தெருவில்தான். மாடிப்படிக்குக் கீழே ஆறடி அகலத்தில் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரைச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் திருநெல்வேலிச் சீமைக்காரர்! ஐம்பது வருஷமாக இந்தத் தெருவில் இருக்கிறாராம். "அண்ணாச்சி, இது பேசினால் போதும், பாட வேண்டியதில்லை" என்று பெட்டியை நீட்டினோம்.

அவர் அதைத் திருப்பினார். அவரும் தகட்டைத்தான் பார்க்கப்போகிறார் என்று நினைத்தோம். தகட்டைப் பார்க்கவில்லை, திருகாணிகளைப் பார்த்தார். "இங்க பாருங்க, எந்த ஸ்குருவைக் கழட்டணும்னு அம்புக்குறி போட்டிருக்கான். மத்ததைத் தொட வேண்டாம்னு அர்த்தம்" என்றார். திருப்புளியால் நான்கைக் கழற்றியதும் மூடி கையோடு வந்தது. உள்ளே ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு நிறத்தில், நூலால் கட்டிய பூச்சரம்போல் ஓரமாகப் போயிற்று. "கட்டுனவன், நாளைக்கு இதைப் பிரிக்கப் போறவனை நெனச்சுக் கட்டியிருக்கான் சார். அவன் என் மூஞ்சியப் பார்த்ததில்ல. இருந்தாலும் நெனச்சிருக்கான்."

மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ரப்பர் பெல்ட் இருக்கவேண்டிய இடத்தில் கருப்பட்டிப் பாகுபோல் ஏதோ வழிந்திருந்தது. நாற்பது ஐம்பது வருஷத்தில் அந்த ரப்பர் அப்படி உருகிவிடுமாம். எந்த நாட்டில் செய்திருந்தாலும் ரப்பருக்கு ஆயுள் அவ்வளவே. "மத்ததெல்லாம் உசிரோட இருக்கு. கண்டென்சர்கூட வீங்கல" என்றார். ஸ்பிரிட்டில் துணியை நனைத்து அந்தப் பாகைத் துடைக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஹெட்டைத் துடைத்தார், தேய்ந்த உருளையை உப்புத்தாளால் உரசினார், பெட்டி நிறையக் கிடந்த பெல்ட்டுகளில் ஒன்றைத் தேடி மாட்டினார். சோதனைக்காகத் தம்முடைய பழைய காஸெட் ஒன்றைப் போட்டார். பாடியது.

அம்மாவின் காஸெட்டைப் போட்டோம். இப்போது குரல் ஓடிற்று. ஆண்பிள்ளைக் குரல் இல்லை. ஆனால் இது அம்மாவின் குரல்தானா? நமக்கு உறுதியாகத் தெரியவில்லை. சற்றுக் கீச்சென்று இருப்பதுபோல் பட்டது. மோட்டாரின் பின்னால் ஊசிமுனைத் துளை ஒன்றுண்டு. உள்ளே இருக்கும் திருகைத் தொட்டால் வேகம் கூடும், குறையும். காஸெட் நாடா ஒரு விநாடிக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் ஓடவேண்டும். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் மாறினாலே சுருதி ஒரு ஸ்வரஸ்தானம் தள்ளிப்போகும். அண்ணாச்சி திருகைத் தொட்டு, "இதுவா சார்? இல்ல இதுவா?" என்று கேட்டுக்கொண்டே போனார். கண் டாக்டர் கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பதுபோல் இருந்தது. ஒவ்வொன்றும் அம்மாவாகவே தோன்றியது. ஒன்றும் அம்மாவாகத் தோன்றவில்லை. கிராமத்துப் பெட்டி அன்று எந்த வேகத்தில் ஓடிற்றோ, அதையும் யார் கண்டார்? இதை நாம் தப்பாகத் தேர்ந்தெடுத்தால், பேத்திக்கு இனி அந்தத் தப்பான குரல்தான் கொள்ளுப்பாட்டி. அந்த எண்ணம் வந்ததும் நமக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

"பின்னாடி ஒரு ரேடியோ கேக்குதே" என்று அண்ணாச்சிதான் சொன்னார். காது கொடுத்துக் கேட்டோம். ஆம், அம்மா பேசத் தொடங்குமுன், எங்கோ உள்ளறையில், தம்புரா மீட்டலின்மேல் ஒரு வயலின்! திருச்சி வானொலி நிலையம் காலையில் திறக்கும்போது ஒலிக்கும் அகில இந்திய வானொலியின் முகப்பு இசை. வீடு சந்தடியற்றிருக்கும் விடியற்காலையில் அம்மா பேச உட்கார்ந்திருக்கிறார்கள். தந்தையார் வழக்கம்போல் மர்ஃபி பெட்டியைத் திருப்பியிருக்கிறார். நாஜிகளுக்குத் தப்பி நம் பம்பாய்க்கு வந்து, இங்கே வானொலி நிலையத்தில் வேலை பார்த்த வால்ட்டர் காஃப்மன் 1930களில் அமைத்தது என்று சொல்லப்படும் அந்த இசைக்குச் சுருதி எப்போதும் ஒன்றே.

அண்ணாச்சி தம் கைப்பேசியில் அந்த முகப்பு இசையைத் தேடி எடுத்தார். ஒரு காதில் கைப்பேசி, ஒரு காதில் பெட்டி. திருகை மயிரிழை திருப்பினார், இன்னும் மயிரிழை. இரண்டு வயலினும் ஒன்றாயின. கையை எடுத்துவிட்டார். "இனி யாரும் தொடக்கூடாது" என்று துளையின்மேல் ஒரு சொட்டுச் சாயம் வைத்தார்.

எண்ணூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். இன்னொரு பெல்ட்டையும் காகிதத்தில் மடித்துத் தந்து, "இது எனக்குப் பிறகு மாட்டிக்க" என்றார்.

அன்றிரவு பேத்தியை உட்காரவைத்துப் பொத்தானை அழுத்தினோம். வயலின் கேட்டது. ஒரு தொண்டைச் செருமல். "தாத்தா, நீங்களும் பேசறதுக்கு முன்னால இப்படித்தான் பண்ணுவீங்க!" என்று பேத்தி கத்தினாள். பிறகு அம்மா. "தம்பி, நல்லா இருக்கியாப்பா? இது ஓடுதான்னு எனக்குத் தெரியல. சிவப்பு எரியுது, அப்ப ஓடுதுன்னு மாமா சொன்னான்..." பசுமாடு கன்று போட்டது, பக்கத்து வீட்டுத் தகராறு, பம்பாய் மழையில் பெட்டியை நனையவிடாதே என்ற எச்சரிக்கை. பத்து நிமிஷம் இருக்கும். "சரிப்பா, அவ்வளவுதான்" என்று எழுந்துவிட்டார்கள். நிறுத்தும் பொத்தானை அழுத்த மறந்துவிட்டார்கள்.

பெட்டி நிற்கவில்லை. வாசலில் சாணி தெளிக்கும் ஓசை, கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது, காகங்கள், தந்தையார் யாரையோ கூப்பிட்டார். இதில் என்ன இருக்கிறது, நிறுத்திவிடட்டுமா என்று கேட்டோம். பேத்தி தலையசைத்து மறுத்தாள். மீதி இருபது நிமிஷமும் அவள் அசையவில்லை. நாடா முடிந்ததும் பொத்தான் தானாக, டக்கென்று மேலே எழுந்தது.